90 வருஷப் பழைய படத்துக்கு யாரிடம் உரிமை வாங்குவது?

சென்னையில் உதவி இயக்குநராக இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பழைய ஹாலிவுட் காதல் படங்கள் என்றால் அவருக்கு உயிர். அதிலும் 1934-ல் வந்த 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்'டை எழுதிய ராபர்ட் ரிஸ்கினை "என் மானசீக குரு" என்கிறார். அந்தப் படத்தைத் தழுவித் தமிழில் ஒரு திரைக்கதை எழுதி முடித்திருக்கிறார். வீட்டைவிட்டு ஓடிவரும் பணக்காரப் பெண், நாகர்கோவிலில் இருந்து சென்னை கிளம்பும் ஆம்னி பஸ், பக்கத்து சீட்டில் வேலை பறிபோன நிருபர், மழையில் பஸ் நின்றுபோக லாட்ஜில் ஒரே அறை, நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்ட போர்வை. நரேஷன் கேட்ட தயாரிப்பாளருக்குப் பிடித்துப்போய் அட்வான்ஸ் தருவதாகச் சொல்லிவிட்டார்.

அவர் கேட்பவை இவை. 90 வருஷம் தாண்டிவிட்டதால் உரிமை காலாவதி ஆகியிருக்கும் அல்லவா? இல்லையென்றால் ரிஸ்கினின் வாரிசுகளைத் தேடிப்பிடித்து அனுமதி வாங்கினால் போதுமா? "பழைய இங்கிலீஷ் படத்துக்கு எவன் வந்து கேட்கப்போறான், வெளியே சொல்லாம இருங்க" என்கிறாராம் தயாரிப்பாளர். அது சரியா? இது சிக்கல் என்றால் 'ரோமன் ஹாலிடே'க்கு மாறிவிடலாமா? கடைசியில் போகிற போக்கில் ஒரு விஷயம். ஒப்பந்தத்தில் "கதை, திரைக்கதை முழுவதும் என் சொந்தக் கற்பனை, பிறர் உரிமை கோரினால் ஏற்படும் நஷ்டம் அனைத்துக்கும் நானே பொறுப்பு" என்று ஒரு பத்தி இருக்கிறதாம். அடுத்தவர் கதையைத் தழுவுகிற தன்னை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, போடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கூச்சத்தைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் மானசீக குருவே தழுவி எழுதித்தான் பேர் வாங்கினார். 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' ஐந்து பெரிய ஆஸ்கர்களை ஒரே இரவில் அள்ளியது. சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை போக ஐந்தாவது ரிஸ்கினுக்கு. அது 'தழுவல்' பிரிவில் கொடுத்த விருது. மூலக்கதை சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்பவருடையது. 'நைட் பஸ்' என்ற பெயரில் 1933-ல் காஸ்மோபாலிட்டன் இதழில் வந்தது. அதற்கு முந்தைய 'லேடி ஃபார் எ டே' டேமன் ரன்யனின் சிறுகதை. 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' (1936) கிளாரன்ஸ் பட்டிங்டன் கெல்லண்டின் கதை. 'லாஸ்ட் ஹொரைசன்' (1937) ஜேம்ஸ் ஹில்டனின் நாவல். 'யூ கான்ட் டேக் இட் வித் யூ' (1938) அப்போது மேடையில் சக்கைப்போடு போட்ட காஃப்மன், ஹார்ட் இருவரின் நாடகம். அடுத்தவர் கதையில் கைவைப்பதற்கு ரிஸ்கின் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் எழுத உட்காருவதற்கு முன்பே ஸ்டுடியோ காசு கொடுத்து உரிமையை வாங்கி வைத்திருந்தது. உங்கள் விஷயத்தில் அந்த வேலையை யாரும் செய்யவில்லை. குறை அவ்வளவுதான்.

இடையில் ஒன்று. "காப்ரா டச்" என்று எல்லோரும் இயக்குநர் ஃபிராங்க் காப்ராவையே புகழ்ந்ததால் கடுப்பான ரிஸ்கின், வெற்றுத் தாள்களை அவர் மேஜையில் போட்டு "இதற்குப் போடு பார்ப்போம் உன் டச்சை" என்றதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நடந்ததற்கு உறுதியான சான்று கிடையாது. உங்கள் பட விளம்பரத்தில் அதைப் பயன்படுத்த நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

ரிஸ்கின் குடும்பத்திடம் கேட்டுப் பலன் இல்லை

எழுதியவர்தான் உரிமையாளர் என்பது நம் எல்லோருக்கும் இயல்பாக வருகிற எண்ணம். அந்தக் கால ஹாலிவுட்டில் அப்படி இல்லை. 1931 வாக்கில் நியூயார்க் நாடக உலகத்தில் இருந்து கொலம்பியா ஸ்டுடியோவுக்கு வந்த ரிஸ்கின் அங்கே சம்பளத்துக்கு எழுதினார். வேலைக்கு அமர்த்தி எழுதவைத்தால் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் ஸ்டுடியோவே 'ஆசிரியர்'. படம் எத்தனை கோடி சம்பாதித்தாலும் எழுதியவருக்குச் சம்பளத்தோடு சரி. திரையில் யார் பேர் வரவேண்டும் என்பதைக்கூட 1930-களில் ஸ்டுடியோதான் முடிவு செய்தது. 1933-ல் எழுத்தாளர்கள் சங்கம் அமைத்து, பல வருஷம் போராடித்தான் அந்த அதிகாரத்தைத் தங்கள் பக்கம் கொண்டுவந்தார்கள். தியேட்டர் படம் டிவியில் ஓடினால் எழுத்தாளருக்குப் பங்கு என்பது 1960 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கிடைத்தது. அதுவும் அதன் பின் எடுத்த படங்களுக்கு மட்டும். ரிஸ்கின் 1955-லேயே, ஐந்து வருஷம் பக்கவாதத்தில் படுத்திருந்து இறந்துபோனார்.

தன் படத்தின்மேல் ஸ்டுடியோவுக்கு இருந்த பிடி எப்படிப்பட்டது என்பதற்கு அதே கதையே சாட்சி. கொலம்பியா அதை 1945-ல் இசைப்படமாகவும், 1956-ல் ஜூன் அலிசன், ஜாக் லெமன் நடிக்க 'யூ கான்ட் ரன் அவே ஃப்ரம் இட்' என்றும் திரும்ப எடுத்தது. கொலம்பியா இன்று சோனி வசம். ஆகவே ரீமேக் உரிமை என்று நீங்கள் தட்டவேண்டிய கதவு அதுதான். ரிஸ்கினின் வாரிசுகளுக்கு மரியாதைக்கு ஒரு கடிதம் போடலாம். அவர்கள் மனமுவந்து சரி என்றாலும் சட்டப்படி அது உங்களுக்கு உரிமை தராது.

இதில் ஒரு முரண். ரிஸ்கினும் காப்ராவும் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து, சொந்த நிறுவனம் வைத்து எடுத்த படம் 'மீட் ஜான் டோ' (1941). அதன் பதிப்புரிமையை உரிய காலத்தில் யாரும் புதுப்பிக்கவில்லை. அமெரிக்காவிலேயே பப்ளிக் டொமைனுக்கு, அதாவது யாரும் அனுமதி இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற நிலைக்குப் போய்விட்டது.

இந்தியாவில் ஒரு கணக்கு, அமெரிக்காவில் ஒரு கணக்கு

"90 வருஷம் தாண்டிவிட்டது" என்ற உங்கள் கணக்கு பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, கதை போன்ற எழுத்துக்கு ஆசிரியர் இறந்த வருஷம் முடிந்ததில் இருந்து 60 வருஷம். திரைப்படத்துக்கு வெளியான வருஷம் முடிந்ததில் இருந்து 60 வருஷம். ஆடம்ஸ் 1958-ல் இறந்தார், ஆக 'நைட் பஸ்' இந்தியாவில் 2018 முடிவோடு சரி. ரிஸ்கினின் எழுத்து 2015 முடிவோடு சரி. படம் 1994-லேயே முடிந்தது. இது 1957 சட்டத்துக்கு முன்பு வந்த படம் என்பதால் பழைய சட்டத்தை இழுத்து யாராவது வாதம் செய்யலாம். அந்த வாதம் நிற்கும் என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்துபூர்வமான கருத்து வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1934-ல் வெளியாகி, முறையாகப் புதுப்பித்த படத்துக்கு 95 வருஷப் பாதுகாப்பு. 2029 டிசம்பர் 31 வரை அது சோனியின் சொத்து. சிறுகதை 1933-ல் வந்தது. அதுவும் புதுப்பிக்கப்பட்டிருந்தால் 2028 முடிவு வரை.

அதாவது தமிழ்நாட்டு தியேட்டரில் உங்கள் படம் ஓடுவதற்கு யார் அனுமதியும் தேவைப்படாது. அதே படம் நியூ ஜெர்சியில் ஓடினாலோ, ஓடிடி தளம் அமெரிக்காவில் திறந்துவிட்டாலோ சிக்கல் ஆரம்பிக்கும். அங்கே பதிவு செய்த படைப்பு என்றால், நஷ்டத்தை நிரூபிக்காமலேயே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை நீதிமன்றம் விதிக்கலாம். தெரிந்தே செய்தது என்றால் 1,50,000 டாலர் வரை. "வெளியே சொல்லாம இருங்க" என்று தயாரிப்பாளர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், தெரிந்தே செய்ததற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

"எவன் வந்து கேட்கப்போறான்" என்ற பேச்சு தியேட்டரோடு சினிமா முடிந்த காலத்துப் பேச்சு. இன்று ஓடிடிக்காரர் படத்தை வாங்குவதற்கு முன் கதை யாரிடம் இருந்து யாருக்கு வந்தது என்று காகிதம் காகிதமாகக் கேட்கிறார். சோனி கேட்காவிட்டாலும் அவர் கேட்பார்.

அப்புறம், பத்து சதவீதம் மாற்றினால் போதும், ஏழு இடத்தில் மாற்றினால் போதும் என்றெல்லாம் கோடம்பாக்கத்தில் சொல்வார்கள். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றைக்கும் அளவுகோல். கருவுக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு "இது அதன் நகல்" என்று தெளிவாகத் தோன்றுகிறதா என்பதே கேள்வி.

உங்கள் திரைக்கதையை அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன். ஓடிவந்த பணக்காரப் பெண்ணும் ஏழை இளைஞனும் ஒரு பயணத்தில் சேர்வது வெறும் கரு. அமெரிக்காவிலும் அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அந்த இளைஞன் வேலை பறிபோன நிருபர், அவளுடைய கதையை எழுதி விற்கத்தான் கூடவே வருகிறான் என்றால், அது படத்துக்கே உரியது. ஆடம்ஸின் சிறுகதை நாயகன் நிருபர் இல்லை. ஒரே அறை, நடுவில் போர்வை என்பது அந்தப் படத்தைப் பார்த்த எவரும் முதலில் சொல்லும் காட்சி. படத்தில் அந்தப் போர்வைக்கு 'எரிகோ மதில்' என்று பெயரே உண்டு. முடிவில் நீங்களும் போர்வையைக் கீழே விழவைத்தே இருவரும் சேர்ந்ததைக் காட்டுகிறீர்கள். லிஃப்ட் கேட்டு நிற்கும் காட்சியில் அவன் கட்டைவிரலுக்கு நிற்காத கார், அவள் வந்து நின்றதும் நிற்கிறது. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் வாதாடலாம். நான்கும் ஒரே வரிசையில் ஒரே படத்தில் வந்தால் எந்த நீதிபதியிடமும் தற்செயல் என்று சொல்ல முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. இந்தக் கதையைத் தழுவிய பிற்காலப் படங்களைப் பார்த்து அதில் இருந்தும் எடுத்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். 1956-ல் ராஜ் கபூர், நர்கிஸ் நடித்த 'சோரி சோரி' இருக்கிறது. 1991-ல் 'தில் ஹை கே மான்தா நஹீன்' இருக்கிறது. மூலம் காலாவதி ஆனாலும், தழுவியவர் புதிதாகச் சேர்த்ததற்கு உரிமை தனியாக ஓடிக்கொண்டிருக்கும். 'சோரி சோரி' பாடலாசிரியர்களில் ஒருவரான ஹஸ்ரத் ஜெய்ப்பூரி 1999-ல்தான் இறந்தார். அவர் எழுதியவை 2059 முடிவு வரை பாதுகாப்பில் இருக்கும். இது தலைகீழாகவும் நடக்கும். 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) என்ற காதல் நகைச்சுவைப் படத்தின் உரிமை புதுப்பிக்கப்படாமல் அமெரிக்காவில் எப்போதோ காலாவதி ஆனது. ஆனால் அதன் மூலமான 'தி ஃப்ரன்ட் பேஜ்' நாடகம் 2023 முடிவு வரை பாதுகாப்பில் இருந்தது. படத்தைப் பார்த்து "இது ஃப்ரீ" என்று யாராவது அன்று ரீமேக் பண்ணியிருந்தால் நாடகத்தின் உரிமையாளரிடம் மாட்டியிருப்பார்.

'ரோமன் ஹாலிடே' வேண்டாம்

அது 1953-ல் வந்த படம். அமெரிக்காவில் 2048 முடிவு வரை உரிமை இருக்கிறது. இந்தியாவில் படத்தின் 60 வருஷம் முடிந்துவிட்டாலும் எழுத்தின் உரிமை முடியவில்லை. அதை எழுதியவர் யார் என்பதே பெரிய கதை. டால்டன் ட்ரம்போ, கம்யூனிஸ்ட் என்று சொல்லி ஹாலிவுட் வேலை மறுத்தவர்களின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் தன் பெயரில் விற்க முடியாமல், நண்பர் இயன் மெக்லெலன் ஹன்டரின் பெயரில் கதையைக் கொடுத்தார். ஆஸ்கரும் ஹன்டர் பெயருக்கே வந்தது. ட்ரம்போ 1976-ல் இறந்தார். அவருடைய விருதை 1993-ல்தான் அவர் மனைவியிடம் கொடுத்தார்கள். படத்தின் எழுத்தாளர் பட்டியலில் அவர் பெயரை எழுத்தாளர் சங்கம் சேர்த்தது 2011-ல். நம் சட்டப்படி காலத்தைக் கணக்கிட ஆசிரியர் இறந்த வருஷம் வேண்டும். கதை ட்ரம்போவுடையது என்றால் 2036 முடிவு வரை. திரைக்கதையில் ஹன்டருக்கும் பங்கு உண்டு, அவர் இறந்தது 1991-ல். கூட்டாக எழுதியது என்றால் கடைசியாக இறந்தவரை வைத்துத்தான் கணக்கு, ஆக அது 2051 முடிவு வரை நீளும். எப்படிப் பார்த்தாலும் இப்போது இருப்பதைவிடப் பெரிய சிக்கலுக்குள் போவீர்கள்.

அந்தப் பத்தி

இப்போது ஒப்பந்தத்துக்கு வருகிறேன். ஹாலிவுட் ஸ்டுடியோ கடல் கடந்து உங்கள்மீது வழக்குப் போடும் வாய்ப்பைவிட, உங்கள் தயாரிப்பாளரே உங்கள்மீது வழக்குப் போடும் வாய்ப்புதான் எனக்குப் பயமாக இருக்கிறது. "சொந்தக் கற்பனை, நஷ்டத்துக்கு நானே பொறுப்பு" என்ற பத்தியில் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்கு ஓடிடி வியாபாரம் இந்தக் காரணத்தால் முறிந்தாலும் அவர் அந்தத் தொகையை உங்களிடம் கேட்பார். மூலத்தை மறைக்கச் சொன்னது அவர்தான் என்று நீங்கள் அப்போது சொல்லலாம். காகிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

ஆகவே அந்தப் பத்தியை இப்படி மாற்றச் சொல்லுங்கள். திரைக்கதை சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸின் 'நைட் பஸ்' கதையையும் 1934 படத்தையும் தழுவியது என்பது தயாரிப்பாளருக்குத் தெரியும். வசனமும் புதிய காட்சிகளும் உங்கள் சொந்தப் படைப்பு. மூலத்தின் உரிமை குறித்த ஆய்வு, செலவு, பொறுப்பு எல்லாம் தயாரிப்பாளருடையது. இதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், கேட்கமாட்டான் என்று அவர் சொன்னதை அவரே நம்பவில்லை என்று அர்த்தம்.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். எந்த உரிமை, எத்தனை வருஷம், எந்தெந்த நாடு என்று எழுதியிருக்கிறதா? காலம் எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், நாடு எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். இது உங்களுக்குச் சாதகம். இரண்டாவது ராயல்டி. 2012 திருத்தத்துக்குப் பின், படத்தில் சேர்ந்த எழுத்தை தியேட்டருக்கு வெளியே பயன்படுத்தும்போது வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை எழுத்தாளர் விட்டுக்கொடுக்கவே முடியாது. "அனைத்து ராயல்டியையும் துறக்கிறேன்" என்று எழுதியிருந்தால் அந்த வரி செல்லாது. நடைமுறையில் வசூலிப்பது பெரும்பாடு, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அப்படி ஒரு வரியில் நீங்களாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள்

சோனியிடம் ரீமேக் உரிமை கேட்பது ஒன்று. முறையானது, ஆனால் நீங்கள் சொல்லும் பட்ஜெட்டுக்கு அது கட்டுப்படியாகுமா என்பது சந்தேகம். வேண்டுமானால் தயாரிப்பாளர் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கட்டும்.

இரண்டாவது, தழுவல் என்று வெளிப்படையாகச் சொல்லி, 2029 முடிவு வரை அமெரிக்காவைத் தவிர்த்து வெளியிடுவது. பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா ஒவ்வொன்றுக்கும் காலக் கணக்கு வேறு, தனித்தனியாகப் பார்க்கவேண்டும். வெளிநாட்டு வியாபாரத்தை நம்பித்தான் படமே என்றால் இது ஒத்துவராது. இந்த வழியில் போனால் டைட்டில் கார்டில் ஆடம்ஸ், ரிஸ்கின் இருவர் பெயரையும் போடுங்கள். உரிமைக் காலம் முடிந்தாலும், 'இதை எழுதியவர் இவர்' என்று கேட்கும் உரிமை நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ம் பிரிவில் வாரிசுகளுக்கு உண்டு. "கதை" என்று உங்கள் பெயரை மட்டும் போடாதீர்கள்.

மூன்றாவது, கருவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திரும்ப எழுதுவது. நிருபர், போர்வை, லிஃப்ட், முடிவு நான்கையும் மாற்றவேண்டும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. சட்டக் காரணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் என்னை நிறுத்திய இடம், கயத்தாறு டீக்கடையில் அந்தப் பெண் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் டீக்குத் தானே காசு கொடுக்கத் தெரியாமல் 500 ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டு நிற்பதும், கடைக்காரர் "சில்லறை இல்லம்மா, அடுத்த தடவை வர்றப்போ குடு" என்பதும்தான். அது ஆடம்ஸிடமும் இல்லை, ரிஸ்கினிடமும் இல்லை. அப்படி எழுதத் தெரிந்தவருக்குப் போர்வை எதற்கு?

எந்த வழி என்றாலும் இப்போதைய பிரதியை எழுத்தாளர் சங்கத்திலும், டெல்லி பதிப்புரிமை அலுவலகத்திலும் பதிவு செய்துவிடுங்கள். இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் நாளை தேதியை நிரூபிக்க உதவும். விண்ணப்பத்தில் இது தழுவல் என்பதையும் குறிப்பிடுங்கள். அட்வான்ஸ் காசோலையைத் தயாரிப்பாளர் நீட்டினால், அந்தப் பத்தி திருத்தி வரும்வரை வாங்கவேண்டாம். வாங்கி வங்கியில் போட்டுவிட்டால், ஒப்பந்தத்தை நீங்கள் அப்படியே ஏற்றதாக அவர் தரப்பில் பேசுவார்கள்.